பாட்டியின் கோழிகளும் 1957 காய்ச்சலும்

கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால், நீலகிரியில் அது முதலில் தெரிவது நாடுகாணியில்தான். கூடலூரிலிருந்து நிலம்பூர் போகும் சாலையில் இருக்கும் அந்தச் சோதனைச்சாவடியில் கால்நடைத் துறை ஆட்கள் மருந்து டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு, வந்து நிற்கும் வண்டிகளின் டயர்களில் கிருமிநாசினி அடிப்பார்கள். கோழியோ முட்டையோ தீவனமோ ஏற்றிய வண்டி என்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். 2014-இல் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அப்புறம் 2021, 2024 என்று மறுபடி மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் மலையில் சில நாள் கோழிக்கடைகள் வெறிச்சோடும். பிறகு மறந்துவிடுவோம்.

அப்படி மருந்து அடித்துக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் போயிருந்தேன். என்னிடம் உயிரியல் படித்த பெண்ணின் வீடு. அவளுடைய பாட்டி வாசற்படியில் உட்கார்ந்து நாட்டுக்கோழிகளுக்குக் குருணை இறைத்துக்கொண்டிருந்தார். பதினோரு பெட்டை, ஒரு சேவல். பழைய பலகைகளை அடித்துச் செய்த கூண்டு, அதன் மேல் தகரம். உள்ளே கைவிட்டு முட்டை எடுப்பது கொள்ளுப்பேத்தியின் வேலை. ஏழு வயது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு முட்டையை எடுத்து, ஒட்டியிருந்த எச்சத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

பாட்டி கேட்டார்: "ஏன் டீச்சர், கோழிக்கு வர்ற சீக்கு மனுசனுக்கு எப்படி வரும்? வெள்ளைக் கழிச்சல் வந்து கூண்டோட செத்ததை எல்லாம் நாங்க பார்த்திருக்கோம். இந்தக் கையாலதான் அள்ளிப் புதைச்சேன். எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

மிகச் சரியான கேள்வி. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எந்தக் கிருமியும் ஒரு உயிரணுவுக்குள் நுழைய ஒரு பிடி வேண்டும். பறவைக் காய்ச்சலைத் தரும் இன்ஃப்ளூயன்சா வைரஸின் மேல்தோலில் ஹீமாக்ளூட்டினின் என்ற புரதம் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். எச்5என்1 என்று சொல்கிறோமே, அதில் எச் என்பது இதுதான். என் என்பது நியூராமினிடேஸ் என்ற இன்னொரு புரதம். உயிரணுக்களின் மேல் இருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருளை இந்த முள் பிடித்துக்கொள்ளும். அந்தச் சர்க்கரை அடுத்த சர்க்கரையோடு இணைந்திருக்கும் விதம் இரண்டு உண்டு. வாத்து, கோழி வைரஸ்கள் விரும்புவது ஆல்ஃபா 2,3 இணைப்பை. மனிதர்களிடம் ஊரெங்கும் சுற்றும் சளிக்காய்ச்சல் வைரஸ் விரும்புவது ஆல்ஃபா 2,6 இணைப்பை. நம் மூக்கிலும் தொண்டையிலும் நிறைய இருப்பது இந்த 2,6. ஆகவே கோழி வைரஸ் நம் மூக்கில் வந்து இறங்கினாலும் பெரும்பாலும் பிடி கிடைக்காமல் சளியோடு வெளியே போய்விடும். பாட்டிக்கு நான் சொன்ன முதல் பதில் இது. வெள்ளைக் கழிச்சல் வேறு வைரஸ். அது மனிதருக்கு வந்தால் பெரும்பாலும் கண் சிவப்போடு நின்றுவிடும்.

குளிரும் இதில் ஒரு சங்கதி. கோழியின் உடல் சூடு 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். நம் மூக்கின் உட்புறமோ 33 டிகிரி அளவில்தான் இருக்கும். பறவைக் குடலின் சூட்டில் பெருகிப் பழகிய வைரஸுக்கு அது குளிர்ந்த இடம். அங்கே அதன் நகலெடுக்கும் இயந்திரம் தடுமாறும். பி.பி.2 என்ற புரதத்தில், 627-ஆவது இடத்தில், ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் அந்தத் தடுமாற்றம் குறைந்துவிடுகிறது. விஞ்ஞானிகள் ஒவ்வொரு புதிய நோயாளியின் வைரஸிலும் அந்த 627-ஐ முதலில் தேடிப் பார்ப்பது இதனால்தான்.

மூக்கில் இடம் இல்லை, சரி. ஆனால் நுரையீரலின் அடி ஆழத்தில், காற்றுப்பைகளின் சுவரில், அந்த ஆல்ஃபா 2,3 இணைப்பு இருக்கிறது. கண்ணின் வெளிச்சவ்விலும் இருக்கிறது. 2024-இல் அமெரிக்காவில் பால் மாடுகளுக்கு எச்5என்1 பரவியபோது, பால் கறக்கும் வேலையில் இருந்தவர்களுக்குக் கண் சிவந்து நீர் வடிந்ததே தவிர, பெரும்பாலோருக்கு மூச்சுத்திணறல் வரவில்லை. வைரஸ் எங்கே இறங்கியதோ அங்கே அதன் குணம். செத்த கோழியை உதறும்போது, இறகு பிடுங்கும்போது, கூண்டைக் கூட்டும்போது எழும் மெல்லிய தூசி மூக்கைத் தாண்டி ஆழத்துக்குப் போனால்தான் கதை மாறுகிறது.

அங்கே காவலுக்கு நிற்பவை மேக்ரோபேஜ் என்ற விழுங்கணுக்கள். வெள்ளையணுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் நுரையீரலில் காற்றுப்பைகள் 30 கோடிக்கும் மேல். அவற்றுக்குள் இந்த விழுங்கணுக்கள் ஊர்ந்துகொண்டே இருக்கும். அடுப்புப் புகை, பஞ்சு, மகரந்தம், செத்த அணு எது வந்தாலும் வாய்க்குள் போட்டுக்கொள்ளும். அவற்றின் பெருமையே சத்தம் போடாமல் வேலை செய்வதுதான். காற்றுப்பையின் சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமன் கொண்டது. அங்கே சின்ன வீக்கம் வந்தாலும் மூச்சு தடைப்படும். ஆகவே தூசிக்கெல்லாம் கூப்பாடு போடக்கூடாது என்று அவை பழகியிருக்கின்றன.

கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. வாழைத் தோட்டத்தில் பரண் கட்டிக் காவல் இருப்பவர், பன்றி வந்தால் தானே விரட்டுவார். யானை வந்தால் மட்டும் ஊரைக் கூப்பிடுவார். விழுங்கணு ஊரைக் கூப்பிடும் குரல்தான் சைட்டோகைன் என்ற புரதங்கள். அதில் ஒன்று இன்டர்ஃபெரான். அது பக்கத்து உயிரணுக்களிடம் "வைரஸ் வந்திருக்கு, கதவைச் சாத்து" என்று சொல்லும் செய்தி. இன்னொன்று டி.என்.எஃப். அது ரத்தக் குழாயின் சுவரைத் தளர்த்தி, மற்ற வெள்ளையணுக்கள் உள்ளே இறங்க வழி செய்யும்.

சாதாரண சளிக்காய்ச்சல் வைரஸ் விழுங்கணுவுக்குள் நுழைந்தால், பெரும்பாலும் அங்கேயே அதன் கதை முடிந்துவிடும். தன் புரதங்களைக் கொஞ்சம் தயாரிக்கும், ஆனால் புது வைரஸாக வெளியே வராது. சில எச்5என்1 வகைகள் அப்படி அடங்குவதில்லை என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். காவல்காரனின் பரணிலேயே குடியேறிக் குட்டி போடுகின்றன.

விழுங்கணுக்களின் கூப்பாட்டிலும் வித்தியாசம் உண்டு என்பது முதலில் வெளிச்சத்துக்கு வந்தது ஹாங்காங்கில். 1997-இல் அங்கே 18 பேருக்கு எச்5என்1 வந்தது, 6 பேர் இறந்தார்கள். நகரத்தில் இருந்த கோழிகள் அத்தனையையும், 10 லட்சத்துக்கும் மேல், அழித்துத்தான் அதை நிறுத்தினார்கள். பிறகு ஹாங்காங் பல்கலைக்கழகத்தில், இலங்கையில் பிறந்த மாலிக் பீரிஸும் அவருடைய கூட்டாளிகளும் மனித ரத்தத்திலிருந்து எடுத்து வளர்த்த விழுங்கணுக்களில் அந்த 1997 வைரஸை விட்டுப் பார்த்தார்கள். பக்கத்திலேயே வழக்கமான மனித வைரஸை விட்ட தட்டுகள். 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். எச்5என்1 புகுந்த விழுங்கணுக்கள் டி.என்.எஃப்.பையும் ஒருவகை இன்டர்ஃபெரானையும் பல மடங்கு அதிகமாகக் கொட்டியிருந்தன. அந்தச் சோதனையில் வைரஸின் எண்ணிக்கையில் அவ்வளவு வித்தியாசம் இல்லை, கூப்பாட்டில்தான் வித்தியாசம். பறவைக் காய்ச்சலில் இறந்தவர்களின் நுரையீரல் ஏன் அப்படி நீர் கோத்துக் கிடந்தது என்பதற்கு அது ஒரு தடயம் தந்தது.

இங்கே படிப்பவர்கள் ஒரு இடத்தில் முட்டிக்கொள்வார்கள். நானும் முட்டிக்கொண்டேன். இன்ஃப்ளூயன்சா வைரஸிடம் என்.எஸ்.1 என்று ஒரு புரதம் உண்டு. அதன் வேலையே நம் உயிரணுவின் எச்சரிக்கை மணியை அமுக்குவது. வைரஸின் ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடிக்கும் ரிக்-ஐ என்ற உணரி நம் அணுவுக்குள் இருக்கிறது. என்.எஸ்.1 போய் அந்த உணரியின் வாயைப் பொத்திவிடும். வாயைப் பொத்துகிற வைரஸால் எப்படி இவ்வளவு பெரிய கூப்பாடு எழுகிறது?

விடை நேரத்தில் இருக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். வைரஸ் முதலில் பெருகுவது காற்றுப்பையின் சுவரணுக்களில். அங்கே மணி அமுக்கப்படுவதால் அக்கம்பக்கத்து அணுக்களுக்குச் செய்தி போவது தாமதமாகிறது. அந்த இடைவெளியில் வைரஸ் பல மடங்காகிவிடுகிறது. கடைசியில் தெரியவரும்போது யானை தோட்டத்தின் நடுவில் நிற்கிறது. அப்போது ஒரே நேரத்தில் எல்லா விழுங்கணுக்களும் கத்துகின்றன. ரத்தத்திலிருந்து புது வெள்ளையணுக்கள் ஆயிரக்கணக்கில் இறங்குகின்றன. அவையும் தொற்றுக்கு ஆளாகி அவையும் கத்துகின்றன. தீப்பந்தத்தோடு ஊரே வயலுக்குள் இறங்கினால் வாழை மிஞ்சாது. காற்றுப்பையின் மெல்லிய சுவர் பிய்ந்து, உள்ளே நீர் நிறைந்து, ஆக்சிஜன் ரத்தத்தில் சேர வழியில்லாமல் போகிறது.

படையின் இன்னொரு பிரிவுக்கும் அடி விழுகிறது. டி செல்கள் என்பவை தொற்றிய அணுக்களை அடையாளம் பார்த்துக் கொல்பவை. வியட்நாமில் எச்5என்1 நோயாளிகளை ஆராய்ந்து 2006-இல் வெளிவந்த முடிவுகளில், இறந்தவர்களின் ரத்தத்தில் சைட்டோகைன்கள் மிக அதிகமாகவும் டி செல்கள் மிகக் குறைவாகவும் இருந்தன. தொண்டையில் வைரஸும் மிக அதிகம். தொற்றிய விழுங்கணுக்கள் டிரெயில் என்ற ஒரு மரணச் சமிக்ஞையைத் தம் மேல் காட்டுவதும், அதைத் தொட்ட டி செல்கள் தாமே மடிவதும் ஆய்வுக்கூடத்தில் தெரிந்திருக்கிறது. குறி பார்த்துச் சுடத் தெரிந்தவர்கள் குறைந்து, கத்தத் தெரிந்தவர்கள் மட்டும் மிஞ்சிய நிலை.

இதைக் கேட்டதும் எல்லோருக்கும் தோன்றுவது, அந்தக் கூப்பாட்டை அடக்கினால் போதுமே என்பதுதான். "சைட்டோகைன் புயல்" என்ற சொல் கொரோனா காலத்தில் நம் வீடுகள் வரை வந்துவிட்டது. ஸ்டீராய்டு கொடுத்தால் அடங்கும் என்பதும் அப்போது கேட்டுப் பழகியது. ஆனால் பறவைக் காய்ச்சலில் கணக்கு அப்படி ஓடவில்லை. டி.என்.எஃப். போன்ற குரல்கள் பிறவியிலேயே இல்லாத எலிகளுக்கு எச்5என்1 செலுத்திப் பார்த்தார்கள். அவையும் செத்தன. ஸ்டீராய்டு கொடுத்த எலிகளும் பிழைக்கவில்லை. மனித நோயாளிகளிலும் ஸ்டீராய்டு நன்மை செய்ததாகத் தெரியவில்லை. நெருப்பை விட்டுவிட்டுப் புகையை விசிறினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. புயலுக்குக் காரணம் மட்டுமீறிப் பெருகிய வைரஸ், ஆகவே முதலில் அதன் பெருக்கத்தைத் தடுக்க வேண்டும். ஒசெல்டமிவிர் என்ற மாத்திரை, டாமிஃப்ளூ என்ற பெயரில் பலருக்குத் தெரியும், அதைத்தான் செய்கிறது. புது வைரஸ் தொற்றிய அணுவைவிட்டுப் பிரிந்து போக உதவும் நியூராமினிடேஸை அது பூட்டிவிடும். காய்ச்சல் தொடங்கிய முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம்.

நம் ஊரில் இந்த 48 மணி நேரம் எங்கே போகிறது? இதைச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது. லயத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் முதல் நாள் கசாயம், இரண்டாம் நாள் கடையில் ஒரு பாராசிட்டமால், மூன்றாம் நாள் கூலி போகுமே என்று தேயிலை பறிக்கப் போவது. நான்காம் நாள் மூச்சு வாங்கினால்தான் ஜீப் பிடித்து ஆஸ்பத்திரி. போனாலும் "வீட்டில் கோழி செத்ததா?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை, இவர்களும் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது. கோழிகள் செத்த வாரத்தில் வந்த காய்ச்சல். போன இடத்தில் வெறும் சளி என்று அனுப்பிவிட்டார்கள். நல்லவேளை, அது உண்மையிலேயே வெறும் சளிதான். ஆனால் கேட்டிருக்க வேண்டும். மூன்று சொல் கேள்வி அது.

இந்தியாவில் பண்ணைக் கோழிகளில் எச்5என்1 முதலில் உறுதியானது 2006-இல், மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில். மனித மரணம் முதலில் பதிவானது 2021-இல், டெல்லியில் சிகிச்சை பெற்ற 11 வயதுச் சிறுவன். 2025-இல் ஆந்திரத்தின் நரசராவ்பேட்டையைச் சேர்ந்த 2 வயதுக் குழந்தை. 2003-லிருந்து உலகம் முழுவதும் உலக சுகாதார நிறுவனத்திடம் பதிவானவர்கள் 950-க்கும் மேல், அதில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். லேசாக வந்து போனவர்கள் கணக்கில் விழுந்திருக்க மாட்டார்கள் என்பதால் உண்மையான விகிதம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். நன்றாக வேகவைத்த கோழியும் முட்டையும் இதில் எந்தப் பாவமும் அறியாதவை. உள்வரை 70 டிகிரி சூடேறினால் வைரஸ் செத்துவிடும். ஆபத்து குழம்புச் சட்டியில் இல்லை, கூண்டிலும் பச்சைக் கறியிலும் செத்த கோழியைத் தூக்கும் கையிலும் இருக்கிறது.

இறந்தவர்களின் வயதைப் பாருங்கள். 11, 2. சளிக்காய்ச்சல் என்றால் முதியவர்களைத்தானே அதிகம் கொல்லும்? எச்5என்1 நோயாளிகளில் உலகெங்கும் குழந்தைகளும் இளைஞர்களுமே அதிகம். இதற்கு ஒரு காரணத்தை 2016-இல் வெளியான ஒரு ஆய்வு முன்வைத்தது. அந்தக் காரணம் நம் மலைக்கு வந்து சேர்கிறது.

குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. 1907-இல் நாய்க்கடி மருந்துக்காகத் தொடங்கியது. இன்றும் எங்களுக்கு அது தடுப்பூசி தயாரிக்கும் இடம். ஆனால் 1950-களில் அங்கே ஒரு இன்ஃப்ளூயன்சா மையமும் இயங்கியது. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு கப்பலோடு ஆசியக் காய்ச்சல் என்ற புது இன்ஃப்ளூயன்சா சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. அடுத்த சில மாதங்களில் நாடு முழுவதும் 44 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வந்ததாகப் பதிவானது. அது பரவிய விதத்தைக் குன்னூர் மையத்தில் இருந்த ஐ.ஜி.கே. மேனன் விரிவாக எழுதினார். உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 1959-இல் வந்தது. அவர் கையில் இருந்தது பாதி பறவை வைரஸ் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. பின்னாளில் மரபணுக்களைப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது: அந்த எச்2என்2 வைரஸின் எட்டு மரபணுத் துண்டுகளில் மூன்று, ஹீமாக்ளூட்டினினும் நியூராமினிடேஸும் உட்பட, பறவை வைரஸிலிருந்து வந்தவை. பறவைக் காய்ச்சல் மனிதக் காய்ச்சலாக மாறி நம் மலை ஏறியது அது ஒரு முறை.

ஹீமாக்ளூட்டினின் வகைகள் இரண்டு பெரும் குலங்களாகப் பிரிகின்றன. எச்1, எச்2, எச்5 ஒரு குலம். எச்3, எச்7 இன்னொரு குலம். முள்ளின் தலை மாறினாலும் தண்டு குலத்துக்குள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். நம் பி செல்கள், எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் வெள்ளையணுக்கள், வாழ்க்கையில் முதலில் சந்திக்கும் இன்ஃப்ளூயன்சாவை மிக ஆழமாகப் பதிந்து வைத்துக்கொள்கின்றன. 1968-க்கு முன் பிறந்தவர்கள் முதலில் சந்தித்தது எச்1 அல்லது எச்2. அதன் தண்டைத் தெரிந்த நினைவணுக்கள், அதே குலத்து எச்5 வரும்போது ஓரளவு அடையாளம் கண்டுகொள்கின்றன. 1968-இல் எச்3 வந்த பிறகு பிறந்தவர்களில் பலருக்கு அந்த முதல் அறிமுகம் வேறு குலத்தோடு. சீனாவில் 2013 முதல் வந்த எச்7என்9 என்ற இன்னொரு பறவைக் காய்ச்சலில் நிலை தலைகீழ். அது முதியவர்களைத்தான் அதிகம் சாய்த்தது. அந்த எச்7என்9 நோயாளிகளில் சீக்கிரம் குணமானவர்களிடம் டி செல்கள் முன்கூட்டியே திரண்டு வந்திருந்ததையும் பார்த்தார்கள். வைரஸின் உள்புரதங்கள் வகைக்கு வகை அதிகம் மாறாதவை. பழைய சளிக்காய்ச்சல்களில் அவற்றைப் பார்த்துப் பழகிய டி செல்களுக்குப் புதுவைரஸும் பாதி தெரிந்த முகம்.

இது கூட்டத்துக்குப் பொருந்தும் கணக்கு. ஒரு தனி மனிதருக்கு எழுதிக் கொடுத்த உத்தரவாதம் ஆகாது. சர்க்கரை நோயும் வயதும் நினைவணுக்களின் கையைக் கட்டிவிடும்.

இதையெல்லாம் பாட்டியிடம் என்னால் முடிந்த அளவுக்குச் சொன்னேன். அவர் குன்னூரில் பிறந்தவர். 1957-இல் ஏழு வயது. "அந்தக் காய்ச்சல் ஞாபகம் இருக்கு டீச்சர்" என்றார். "எங்க வீட்டுல அஞ்சு பேரும் ஒரே நாள்ல படுத்துட்டோம். எழுந்து தண்ணி காய்ச்ச ஆள் இல்ல. பக்கத்து லயத்து அக்காதான் கஞ்சி கொண்டு வந்து வாசல்ல வெச்சுட்டுப் போகும்." அதற்கு முன் இன்ஃப்ளூயன்சா ஏ வகை ஏதாவது அவருக்கு முதலில் வந்திருந்தாலும் அது எச்1 ஆகத்தான் இருந்திருக்கும். இரண்டும் எச்5-இன் குலம். அறுபத்தெட்டு வருடத்துக்கு மேலான அந்த நினைவு அவருடைய எலும்பு மஜ்ஜையில் எங்கோ இருக்கக்கூடும். கொள்ளுப்பேத்தியிடம் அப்படி ஒன்று இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

கோழி திடீரென்று செத்தால், கொண்டை நீலம் பாரித்தால், தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லச் சொன்னேன். காய்ச்சல் வந்தால் கோழி வளர்ப்பதை டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லச் சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எழுந்து, கொடியில் காய்ந்த துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினார். கூண்டுக் கதவின் கொக்கியைச் சிறுமியின் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டிவிட்டு, "இனிமே முட்டையை நான் எடுக்கறேன், நீ போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டு வா" என்றார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.